அடுப்புச் சுவர்

மூன்று மாதத்துக்கு முன்னால் இருபத்து நாலரை இஞ்சாக இருந்த இடுப்பு, இந்த வியாழக்கிழமை சாயங்காலம் இருபத்திரண்டுக்கு வந்திருந்தது. டேப் நழுவியிருக்கும் என்று நினைத்து டெய்லர் அக்கா இரண்டாம் முறை அளந்தாள். இருபத்திரண்டேதான். ஆனால் கால் உயரம் ஒரு இஞ்சுக்கு மேல் கூடியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் வளர்ந்துகொண்டே இளைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷத் தையலில், பிள்ளைகளின் உடுப்பைப் பிரித்துப் பெரிதாக்கித் தரச் சொல்லி வந்தவர்கள்தான் உண்டு. பிடித்துத் தரச் சொல்லி ஒரு பிள்ளை வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"நல்லா இறுக்கிப் பிடிச்சிடுங்க ஆன்ட்டி. மேட்ல பேண்ட் அவிழ்ந்தா மானம் கப்பல் ஏறிடும்."

ஜூடோ கிளப்பில் அவளுக்குப் பெயர் மிளகு. ஆள் சின்னது, காரம் அதிகம். டெய்லர் அக்காவின் மகளும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே கிளப். அக்காவின் மகள் பொழுதுபோக்குக்காகப் போகிறவள். மிளகு போட்டிக்காகப் பிறந்தவள் என்று மாஸ்டர் சொல்லுவார்.

அவள் சூயிங்கம் மென்றுகொண்டே இருந்தாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் கையிலிருந்த காகிதக் கோப்பையில் துப்பினாள். கோப்பை பாதி நிறைந்திருந்தது.

"என்னடி இது கருமம்? வாசல்ல போய்த் துப்பிட்டு வா."

"கொட்டக் கூடாது ஆன்ட்டி. எவ்வளவு போச்சுன்னு தெரியணும். இது ரொம்பினா நூறு கிராம்."

"எதுல நூறு கிராம்?"

"என்னோட எடையில. சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு எடை போடுவாங்க. முப்பத்தாறு கிலோவுக்குள்ள இருக்கணும். இன்னும் ஒண்ணே கால் கிலோ இருக்கு." கணக்குப் பாடத்தில் மீதி சொல்வதுபோல் சொன்னாள். உதட்டோரத்தில் தோல் வெடித்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. குண்டூசி குத்தும்போது அவள் முழங்கையை அக்கா தொட்டாள். தோல் காகிதம்போல் இருந்தது.

"யாரு உன்ன இப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்." பதில் கேள்விக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. பிறகு ஒரு யோசனை வந்தவள்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாஸ்டர்கிட்டப் போய்க் கேக்காதீங்க ஆன்ட்டி. அப்பாகிட்டயும் சொல்லாதீங்க. கேட்டா என்னை டீம்லேர்ந்து எடுத்துருவாங்க. சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு மறுக்க அக்காவால் முடியவில்லை. "சரி, சொல்லல. போதுமா?" என்றாள்.

சொன்ன மறுகணமே தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால், கிளப்பின் நோட்டீஸ் பலகையில் பெரிய எழுத்தில் 'பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளர்' என்று போட்டு, அதன் கீழே திருடன்போல் விழிக்கும் ஒரு பாஸ்போர்ட் போட்டோ ஒட்டியிருக்கிறதே, அந்தப் போட்டோவில் இருப்பது டெய்லர் அக்காதான்.

அந்தப் பொறுப்பு அவள் தலையில் கட்டப்பட்ட கதை சின்னது. ஒவ்வொரு கிளப்பும் பயிற்சி கொடுக்காத ஒருவரைப் பிள்ளைகள் பாதுகாப்புக்கு நியமிக்க வேண்டும் என்று ஜூடோ சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பெற்றோர் கூட்டத்தில் மாஸ்டர் அதைப் படித்ததும் எல்லோருக்கும் மின்விசிறிமேல் திடீரென்று அக்கறை பிறந்தது. அக்கா ஒரு பிள்ளையின் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் குனிந்து பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்வதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அதற்காகச் சங்கம் நடத்திய ஒரு நாள் வகுப்புக்குப் போனாள். சொல்லிக் கொடுத்த அம்மாள் ஐந்து விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை பேசினால் குறுக்கே பேசாதீர்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் போய் நீங்களே விசாரிக்காதீர்கள். ஏதாவது என்றால் சங்கத்தின் இந்த நம்பருக்கு அன்றைக்கே கூப்பிடுங்கள். அக்கா இதையெல்லாம் அளவு நோட்டில், இரண்டு ரவிக்கை அளவுகளுக்கு நடுவில் எழுதி வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் பெல்ட் ஓரம் பிரிந்தால் வந்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவதை வியாழக்கிழமையே உடைத்தாயிற்று. நாலாவதை உடைக்க வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினாள்.

அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள். மாஸ்டர் அந்நியரா என்ன? போன வாரம் அவள் மகளின் கால்விரல் பிசகியபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். வேனில் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு, கதவு திறந்து விளக்கெரிகிற வரைக்கும் காத்திருந்து போகிறவர். அப்படிப்பட்ட மனுஷனைப் பற்றி முகம் தெரியாத ஒருத்தரிடம் போனில் சொல்வதா? ஒரு வார்த்தை நேரில் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். அந்தக் கிளப்பில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கிளப், ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில் இருந்த பழைய கிடங்கு. தரை முழுக்க, விழுந்தால் அடிபடாத தடித்த மேட், நீலமும் மஞ்சளுமாக. உள்ளே எப்போதும் ரொட்டி வாசமும் கால் வாசமும் கலந்து அடிக்கும். மாஸ்டர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காகப் பிடி வாங்கி வாங்கி அவருடைய காது மடல்கள் மடிந்து தடித்திருந்தன.

"வாங்கக்கா. மிளகு பேண்ட்டா? அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"பேண்ட் முடியல மாஸ்டர். அந்தப் பொண்ணு உடம்புதான் முடியற மாதிரி இருக்கு."

அவர் சிரித்தார். சிரிப்பில் கள்ளம் இல்லை. அதுதான் அக்காவுக்கு உதைத்தது.

"எடை குறைக்கிறாக்கா. எல்லாரும் பண்றதுதான். கொழுப்பா இருக்கு குறைக்க? வெறும் தண்ணி. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு மெஷின்ல ஏறி இறங்கினதும் ரெண்டு பாட்டில் குடிச்சா பழையபடி ஆயிடுவா. நான் அவ வயசுல மூணு கிலோ இறக்கியிருக்கேன். பாருங்க, கல்லுக்குண்டு மாதிரி இல்லையா நான்?"

"அவ நேத்து எச்சிலைத் துப்பி அளந்துட்டிருந்தா மாஸ்டர்."

"அது அவளா எங்கேயோ பாத்துக் கத்துக்கிட்டது. வேண்டாம்னு சொல்லிடறேன். நம்ம முறை வேற." துணியைப் பிழிந்துகொண்டே, அவளையும் சேர்த்துப் பெருமைப்படுத்துகிறவர்போல் சொன்னார். "உண்மையச் சொல்லப் போனா நீங்க தச்சுக் குடுத்த கோட்டுதான் இந்தத் தடவை கை குடுத்திருக்கு. கடையில வாங்கினா கிழிஞ்சுடும். உங்க தையல்ல ஒரு பொட்டுக் காத்து உள்ள போகல."

எந்தக் கோட்டு என்று டெய்லர் அக்காவுக்குத் தெரியும்.

ஆறு கோட்டு. மழைக்கோட்டுத் துணியில், நீல நிறத்தில், பேண்ட்டோடு சேர்த்து. மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து எல்லாவற்றிலும் இறுக்கமான எலாஸ்டிக். காலையில் ரோட்டில் ஓடுகிற பிள்ளைகளுக்கு என்று சொல்லித்தான் மாஸ்டர் துணி வாங்கிக் கொடுத்தார். கழுத்தில் எதற்கு எலாஸ்டிக் என்றுகூட அவள் கேட்டாள். காற்று நுழையக் கூடாதுக்கா என்றார். பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று அவளாக நினைத்துக்கொண்டு, தையல் ஓரத்துக்கெல்லாம் உள்பக்கம் பட்டி வைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்திருந்தாள். கூலி வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள்.

"அது... வேர்க்கறதுக்கா?"

"வேற எதுக்கு? போட்டுக்கிட்டுக் கொஞ்சம் ஸ்கிப்பிங். அவ்வளவுதான்." மாஸ்டர் எழுந்து நின்றார். "அக்கா, உங்க பதவிக்கு மரியாதை குடுத்துச் சொல்றேன். இதப் பெரிசாக்கிடாதீங்க. ஒரு தாள் எழுதினீங்கன்னா கிளப்பையே மூடிடுவாங்க. நாப்பது பிள்ளைங்க சாயங்காலம் எங்க போகும்? ரோட்லதான் நிக்கும். நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும். அப்புறம் உக்காந்து பேசலாம்."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அந்தத் தலையாட்டலை நினைத்து அவள் பிறகு வெட்கப்படாத நாளில்லை.

கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். மிளகின் பேண்ட்டில் இடுப்பைப் பிடித்து ஒரு கோடு ஓட்டினாள். கோடு கோணலாகப் போயிற்று. பிரித்து மறுபடி ஓட்டினாள். பிறகு, யாருக்காக இதைப் பிடிக்கிறோம் என்ற கேள்வி வந்து, கால் மிதியைவிட்டு இறங்கிவிட்டது.

மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டும், நாலரை மணிக்குத்தான் மகள் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கால்விரல் பிசகலால் ஒரு வாரமாக அவளுக்குப் பயிற்சி இல்லை. பையை வீசிவிட்டு வெட்டுத்துணிக் குவியலில் சாய்ந்துகொண்டாள்.

"இந்நேரம் மிளகு அடுப்புக்குள்ள போயிருப்பாம்மா. பாவம்."

"எந்த அடுப்பு?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, ஏற்கெனவே பாதி வெளியே வந்துவிட்டதால் மீதியையும் சொன்னாள். கிடங்கின் கடைசியில் ஒரு சாமான் அறை இருக்கிறது அல்லவா? அதன் பின்சுவர், பேக்கரி அடுப்பின் சுவர். கை வைத்தால் சுடும். மழை நாளில் ஈர உடுப்பை அங்கே போட்டால் ஒரு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். பிள்ளைகள் அதை அடுப்பு என்பார்கள். இந்த மாதம் முழுக்க டீம் பிள்ளைகள் கோட்டைப் போட்டுக்கொண்டு முறை வைத்து அதற்குள் போய் ஸ்கிப்பிங் செய்கிறார்கள். மற்றவர்களுக்கெல்லாம் எடை இறங்கிக்கொண்டு வருகிறது. மிளகுக்குத்தான் நிறைய பாக்கி. அதனால் இன்றைக்கு நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அவளுக்கு மட்டும்.

"ரெண்டு மணி நேரமா? கதவைப் பூட்டிட்டா?"

"ஐயோ, பூட்டெல்லாம் கிடையாதும்மா. சும்மா சாத்தியிருக்கும். தள்ளினாத் திறந்துக்கும். முடியலைன்னா உள்ளேயிருந்து ரெண்டு தட்டு தட்டணும். மேட்ல தட்டற மாதிரியேதான். மாஸ்டர் உடனே வந்து வெளியே விட்டுருவார். திட்ட மாட்டார். ஆனா டீம்ல அவங்க பேரை எடுத்துட்டு ரிசர்வ்ல இருக்கறவங்க பேரைப் போட்டுருவார்."

அக்கா மெஷினைவிட்டு எழுந்தாள்.

ஜூடோவில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அந்தத் தட்டல்தான். கழுத்துப் பிடியோ கைப்பிடியோ தாங்க முடியவில்லையா, எதிராளியின் மேல் இரண்டு தரம் தட்டு. தட்டிய நொடியில் விட்டுவிட வேண்டும். நாலு வயதுக் குழந்தைகூட வந்த முதல் நாளே அதைக் கற்றுக்கொள்ளும். அதை நம்பித்தான் பெற்றவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு நிம்மதியாகக் கடைக்குப் போகிறார்கள்.

அந்தக் கிளப்பில் தட்டாத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். போன வருஷப் போட்டியில் மிளகின் கை எதிராளியிடம் மாட்டிக்கொண்டு, முழங்கை பின்பக்கம் வளைகிற நிலை வந்தும் அவள் தட்டவில்லை. நடுவர்தான் பாய்ந்து பிரித்துவிட்டார். தோற்றவளுக்கு அரங்கமே எழுந்து கை தட்டியது. ஒரு மாதம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தாள். மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவளைக் காட்டி, "பாத்துக்குங்க, இதுதான் நெஞ்சுரம்" என்றார். டெய்லர் அக்காவும் அன்றைக்கு உள்ளங்கை சிவக்கக் கை தட்டியவள்தான்.

"ஏம்மா அப்படிப் பாக்கற? அவ உள்ள நல்லாத்தான் இருப்பா," என்றாள் மகள். பிறகு அவளுக்கே குரல் இறங்கியது. "ஆனா... அவ தட்ட மாட்டாம்மா."

மணி நாலு ஐம்பது.

கத்தரிக்கோல் கிடந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா ஓடினாள். கடையைச் சாத்தவில்லை. ஓடிக்கொண்டே வகுப்பில் கொடுத்த அந்த நம்பரைப் போட்டாள். ஒரு பெண் எடுத்தார்.

"நான் ஜூடோ கிளப்லேர்ந்து... பொறுப்பாளர்... ஒரு பிள்ளை சூடான ரூம்ல..." மூச்சு வாங்கியது.

"இப்ப உள்ள இருக்காளா? இந்த நிமிஷம்?"

"ஆமாங்க."

"அப்ப என்கிட்டப் பேசாதீங்க. முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அப்புறம் பிள்ளையை வெளியே எடுங்க. அப்புறம் எனக்குப் போடுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லி முடிப்பதற்கும் பேக்கரி முனை திரும்புவதற்கும் சரியாக இருந்தது. பேக்கரி வாசலில் நாலைந்து பேர் ரொட்டிக்காக நின்றிருந்தார்கள். அடுப்பு முழு வேகத்தில் இருக்கிற நேரம் அது.

கிடங்குக்குள் இருபது சின்னப் பிள்ளைகள் வரிசையாக விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர் எண்ணிக்கொண்டிருந்தார். மேட்டின் ஓரத்தில் செருப்புகள் ஜோடி ஜோடியாக, மூக்கு வாசலைப் பார்த்தபடி அடுக்கியிருந்தன. செருப்போடு மேட்டில் கால் வைப்பதை அந்தக் கிளப்பில் யாரும் கனவிலும் நினைக்க மாட்டார்கள். டெய்லர் அக்கா செருப்போடு நடு மேட்டில் ஓடினாள்.

"அக்கா, செருப்பு! செருப்பு!" என்று மாஸ்டர் கத்தினார். பிள்ளைகள் விழுந்த இடத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன.

அவள் அந்தக் கதவைத் தள்ளினாள். மகள் சொன்னது சரி. பூட்டு இல்லை, தாழ்ப்பாள்கூட இல்லை. ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற கதவு.

உள்ளிருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது. ஒரே ஒரு பல்பு. ஓரத்தில் மடித்து வைத்த பழைய மேட்டுகள். அடுப்புச் சுவரில் சாய்ந்து மிளகு உட்கார்ந்திருந்தாள். தலையில் கோட்டின் முக்காடு. ஸ்கிப்பிங் கயிறு கையில் சுற்றியிருந்தது. கயிறு சுற்றாமலே மணிக்கட்டு மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

"எழுநூத்திப் பன்னெண்டு," என்றாள். "எழுநூத்திப் பன்னெண்டு. எழுநூத்திப் பன்னெண்டு."

"மிளகு! ஏய்! என்னைப் பாருடி!"

அவள் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. வேர்க்கத்தானே இந்தக் கோட்டு? வேர்வை ஏன் இல்லை? அந்தக் கேள்விக்கு விடை தேட அக்கா நிற்கவில்லை. அவளை அள்ளித் தூக்கினாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு கட்டுத் துணிபோல் லேசாக வந்தாள்.

மேட்டில் கிடத்தி ஜிப்பை இழுத்தாள். பாதியில் துணியைக் கவ்விக்கொண்டு நின்றது. எலாஸ்டிக்கைக் கையால் இழுத்தாள். இரட்டைத் தையல் அசையவில்லை. அவள் கையாலேயே போட்ட தையல். அதன் பலம் அவளுக்குத் தெரியாதா? கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்திலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டினாள். உள்ளே மடிப்பில் தேங்கியிருந்த வேர்வை வெந்நீர்போல் அவள் மடியில் கொட்டியது.

"தண்ணி! வாளியில தண்ணி கொண்டாங்க! விசிறுங்கடா யாராவது!"

ஒரு சின்னப் பெண் தன் பெல்ட்டை உருவிவிட்டு யூனிஃபார்ம் சட்டையால் விசிற ஆரம்பித்தாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். மாஸ்டர் வாளியோடு வந்தார். மேட் துடைத்த வாளி. துணியை நனைத்து மிளகின் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள்.

"நான் இங்கேயேதான் இருந்தேங்க்கா," என்றார். "பத்தடி தூரத்துல. தட்டியிருந்தா திறந்திருப்பேனே. காதை அங்கதான் வச்சிருந்தேன். ஒரு சத்தம் இல்ல. தட்டவே இல்லக்கா அவ."

டெய்லர் அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார்? அந்தக் கோட்டைத் தைத்தவள். மூன்று மணிக்குத் தலையாட்டிவிட்டுப் போனவள்.

மிளகின் கண் மேலே செருகியது. ஆம்புலன்ஸ் வருவதற்கு ஒன்பது நிமிஷம் ஆயிற்று.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மிளகின் அப்பா வந்து நின்றபோது மணி ஆறு. பஸ் டிரைவர். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தார். மனைவி வெளியூர் வேலையில். பிள்ளையும் அவரும்தான் வீட்டில். உள்ளே ஐஸ் கட்டிகளை வைத்துக் குளிர வைக்கிறார்கள், இன்னும் பேச்சு வரவில்லை, உடம்புச் சூடு நாற்பத்தொரு டிகிரி வரைக்கும் போயிருக்கிறது என்று நர்ஸ் சொன்னதை அக்கா அவரிடம் ஒப்பித்தாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எடை போட..." என்று ஆரம்பித்தார்.

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "கிளப்பு குடுத்த ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டேம்மா," என்றார். "சிக்னல்ல நிக்கும்போது நீட்டினா. என்னன்னு படிக்கல. 'அப்பா, எல்லாரும் போட்டாச்சு'ன்னா. ராத்திரி சாப்பிடலையேன்னு கேட்டா, 'கிளப்புல சாப்பிட்டேம்பா'ன்னு சொல்லுவா. நம்பினேன். என்கிட்டப் பொய்யே சொல்லாத பிள்ளை."

"என்கிட்டச் சொன்னா அண்ணே," என்றாள் டெய்லர் அக்கா. "நேத்தே சொன்னா. உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடிக் கதவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன் அடித்தது. அந்த நம்பர். சொன்னபடியே அந்தப் பெண் அங்கேயே இருந்திருக்கிறார். அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். இடுப்பளவு, எச்சில் கோப்பை, அறை, கதவு, மாஸ்டர் சொன்னது, தான் செய்தது. கோட்டைத் தைத்தது தான்தான் என்பதையும், கேட்காமலே, இரண்டு தரம் சொன்னாள்.

"அதையும் எழுதிக்கிட்டேன்," என்றார் அந்தப் பெண். குரலில் குற்றச்சாட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. "கோட்டு ஒண்ணுதானா?"

"இல்ல. ஆறு."

"மத்த அஞ்சும் இப்ப எங்க இருக்கு?"

டெய்லர் அக்கா நினைத்துப் பார்த்தாள். கிடங்கின் கொக்கியில் அவற்றைப் பார்த்தோமா? இல்லை. அந்த அறையில்? இல்லை. நாளைக்குக் காலையில் எடை. இன்றைக்கு அடுப்பு மிளகுக்கு மட்டும் என்றால், மற்ற ஐந்து பேரும் மீதியை எங்கே வைத்துக் குறைப்பார்கள்?

"நானே கூப்பிடறேன்," என்றாள். "எல்லாரும் என்கிட்டத்தான் துணி தைக்கறாங்க. நம்பர் இருக்கு."

முதல் வீட்டில் பையன் கோட்டோடு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டு போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். இரண்டாவது வீட்டில், பையனுக்கு எடை சரியாக வந்துவிட்டதால் கோட்டு பையிலேயே இருந்தது. மூன்றாவது வீட்டில் அண்ணன் எடுத்து, "அவ அதப் போட்டுக்கிட்டுப் போர்வைக்குள்ள படுத்திருக்கா ஆன்ட்டி, கேட்டா அடிக்க வர்றா" என்றான். எழுப்பச் சொல்லி, கழற்றச் சொல்லி, அவள் தண்ணீர் குடிக்கிறவரை அக்கா காத்திருந்தாள். நாலாவது வீட்டு அப்பா சண்டைக்கு வந்தார். ஒரு வருஷ உழைப்பு, நீங்கள் யார் கெடுப்பதற்கு என்றார். மிளகு எந்த வார்டில் இருக்கிறாள் என்று அக்கா சொன்னதும் அவர் சத்தம் நின்றது.

ஐந்தாவது, டீமிலேயே சின்னவள். பத்து வயது. நடையைப் பார்த்து வாத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடி. நாலாவது தடவைக்கு அவள் அம்மா எடுத்தார். டிவி சத்தம் கேட்டது.

"சொல்லுங்கக்கா, என்ன, சுடிதார் ரெடியா?"

"பொண்ணு எங்கம்மா?"

"குளிக்கறா."

"கோட்டு போட்டிருக்காளா?"

டிவி சத்தம் குறைந்தது. "அது... மாஸ்டர் சொன்னாரு. பாத்ரூம்ல வெந்நீரைத் திறந்து விட்டுட்டு, ஆவியில கொஞ்ச நேரம் உக்காரணும்னு. இன்னும் அரைக் கிலோதான். நாளைக்குத் தாண்டிட்டா—"

"உள்ள போய் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பத்தான்... சீரியல் ஆரம்பிக்கறதுக்கு முன்னால..." குரல் தேய்ந்தது. "ஏங்க்கா? என்ன ஆச்சு?"

"போய்க் கதவைத் திறங்க. போனை வைக்காதீங்க. இப்பவே போங்க."

செருப்பில்லாத கால்கள் தரையில் ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டும் சத்தம். பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். பதில் இல்லை. மறுபடி தட்டல், இந்த முறை இரண்டு கையாலும். நடைபாதையின் கோடியில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்; அந்தச் சக்கரச் சத்தத்தில் எதுவும் கேட்காமல் போய்விடுமோ என்று அக்கா போனைக் காதோடு அழுத்தி, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். தரையில் உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்து, என்ன ஏதென்று கேட்காமலே, அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

தண்ணீர் கொட்டும் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு அதற்குள்ளிருந்து, சலிப்பும் அழுகையுமாக, ஒரு கீச்சுக் குரல்.

"இன்னும் பத்து நிமிஷம்மா! ப்ளீஸ்மா!"

டெய்லர் அக்கா பொத்தியிருந்த காதைவிட்டுக் கையை எடுத்தாள். டிரைவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து நிமிஷம் கிடையாதுன்னு சொல்லுங்க," என்றாள் போனில். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. அவ வெளியே வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."